இரண்டு விசிலும் ஒன்றாக ஒலித்தால் யார் சொல்வது செல்லும்?

கூடைப்பந்து நடுவர்கள் எப்படிச் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: கல்லூரி அணிக்கு ஆடுகிறேன். போன மாதம் ஒரு போட்டியில் எங்கள் பாயிண்ட் கார்டு பந்தோடு உள்ளே பாய்ந்தார், எதிரணி ஆள் மேல் மோதி இருவருமே விழுந்தார்கள். ஒரு நடுவர் பிளாக், அதாவது தப்பு தடுத்தவர் மேல், என்று இடுப்பில் இரண்டு கையையும் வைத்தார். இன்னொருவர் சார்ஜ், அதாவது தப்பு பந்தோடு வந்தவர் மேல், என்று உள்ளங்கையில் முஷ்டியால் குத்திக் காட்டினார். அப்புறம் இருவரும் பேசிவிட்டு சார்ஜ் கொடுத்தார்கள். ஒரே மோதலை இரண்டு பேர் எப்படி வேறு வேறாகப் பார்க்க முடியும்? (கோயம்புத்தூர்)

பதில்: அவர்கள் இருவரும் பார்த்தது ஒரே மோதலை இல்லை. கேட்க விநோதமாக இருக்கலாம், ஆனால் 20 வருடத்துக்கு மேல் மாவட்டப் போட்டிகளிலும் கல்லூரிப் போட்டிகளிலும் விசில் ஊதியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

முதலில் விதி என்ன கேட்கிறது என்று பாருங்கள். தடுப்பவர் எதிராளியைப் பார்த்தபடி, இரண்டு பாதமும் தரையில் ஊன்றி நின்றுவிட்டால் அந்த இடம் அவருக்குச் சொந்தம். அதன் பிறகு பக்கவாட்டிலோ பின்பக்கமோ நகர்ந்தாலும் தப்பில்லை. சிலை மாதிரி நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், விதியில் அப்படி இல்லை. ஆனால் பந்து வைத்திருப்பவர் தரையை விட்டு எழும்பிய பிறகு அவர் பாதைக்குள் புதிதாக நுழையக் கூடாது. ஆக நடுவர் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: பந்தோடு வந்தவர் கால் தரையை விட்டது முதலில் நடந்ததா, தடுப்பவர் வந்து நின்றது முதலில் நடந்ததா? கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும் சங்கதி. போதாததற்கு, மோதல் நெஞ்சில் பட்டதா தோளில் பட்டதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இப்போது நடுவர்கள் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு நடுவர் ஆட்டத்தில் ஒருவர் கூடைக்குப் பின்னால் பேஸ்லைனில் நிற்பார், அவர் லீட். இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால் ஓடி வருவார், அவர் ட்ரெய்ல். ட்ரெய்ல் கண்ணுக்கு உங்கள் பாயிண்ட் கார்டின் முதுகுதான் பெரிதாகத் தெரிந்திருக்கும். எப்போது எழும்பினார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தடுப்பவரின் பாதம் அந்த முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். லீடுக்கு நேர்மாறு. தடுப்பவர் வந்து நின்றதை முழுசாகப் பார்த்திருப்பார், பந்தோடு வந்தவர் காலை எப்போது எடுத்தார் என்பதைத் தவற விட்டிருப்பார். இருவர் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி யாருக்குத் தெரிகிறதோ அவர் பார்வைதான் நம்பக்கூடியது. நடுவர்கள் மூச்சு வாங்க ஓடுவதே அந்த இடைவெளிக்காகத்தான். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் திறந்திருக்கும் கோணம், நகராமல் நின்றால் மூடிவிடும்.

சரி, இரண்டு விசிலும் ஒலித்துவிட்டால்? ஃபவுலுக்கு ஒரு கை மேலே போகும், விரல்களை மூடிய முஷ்டியாக. பந்தைத் தட்டாமல் நடக்கும் ட்ராவலிங் மாதிரி விதிமீறலுக்குத் திறந்த உள்ளங்கை. இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முஷ்டி மேலே இருக்கட்டும், பிளாக் என்றோ சார்ஜ் என்றோ உடனே காட்டிவிடாமல், முதலில் கூட்டாளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். யாருடைய ஏரியாவில் நடந்ததோ, யாரை நோக்கி ஆட்டம் வந்ததோ, அவர் முன்னால் வந்து தீர்ப்பைச் சொல்வார், மற்றவர் கையை இறக்கிக்கொள்வார். பார்வையாளர்களுக்கு எதுவும் தெரியாது. நன்றாக நடந்த ஆட்டத்தில் இது பத்து தடவை நடந்தாலும் ஒருவர் கவனத்திலும் பதியாது.

உங்கள் போட்டியில் இருவரும் அவசரப்பட்டுக் கையைக் காட்டிவிட்டார்கள், அங்கேதான் பிசகு. பிளாக், சார்ஜ் இரண்டையும் சேர்த்து இதை பிளார்ஜ் என்பார்கள். அமெரிக்கப் பள்ளி விதிகளில் இப்படி ஆகிவிட்டால் வேறு வழியே இல்லை, இரண்டு பேர் மேலும் ஃபவுல் எழுதி டபுள் ஃபவுல் ஆக்கிவிடுவார்கள். நாம் ஆடும் ஃபிபா, அதாவது உலகக் கூடைப்பந்து சம்மேளன, விதியில் அப்படிக் கிடையாது. இருவரும் பேசி ஒன்றை எடுக்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் க்ரூ சீஃப், அதாவது தலைமை நடுவர், சொல்வதே முடிவு.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு மாவட்ட இறுதிப்போட்டியில் நான் லீட். நாலு புள்ளி வித்தியாசம், கடைசி இரண்டு நிமிடம். மோதல் நடந்ததும் நான் சார்ஜ் காட்டிவிட்டேன், என் கூட்டாளி பிளாக் காட்டிவிட்டார். இரண்டு பெஞ்சும் எழுந்து நின்றது. அவர் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல், "அண்ணே, பந்து என் பக்கத்திலிருந்து வந்தது. பையன் எழும்பின பிறகு தடுத்தவர் இடது கால் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது" என்றார். அந்த இடது காலை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது நெஞ்சில் பட்ட இடியை மட்டும்தான். பிளாக் என்று மாற்றினோம். அந்தச் சில விநாடியில் அவர் என்னைவிட வயதில் சின்னவர் என்பது எனக்கு நினைவு வந்தது, அதை ஒதுக்கி வைக்க முயற்சி தேவைப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கப்புறம் ஆட்டத்துக்கு முன்னால் கூட்டாளியோடு உட்கார்ந்து, டபுள் விசில் வந்தால் என்ன செய்வோம் என்று பேசாமல் நான் எந்த ஆட்டத்துக்கும் இறங்கியதில்லை.

கேள்வி: ஒரு நடுவர் தப்பாக விசில் ஊதியது பக்கத்து நடுவருக்குத் தெரிந்தாலும் ஏன் சும்மா நிற்கிறார்? ரத்து செய்ய வேண்டியதுதானே? (சேலம்)

பதில்: ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. ஒவ்வொரு நடுவருக்கும் அவரவர் கடமை எல்லைக்குள் முடிவெடுக்கும் உரிமை உண்டு, அதை இன்னொரு நடுவர் புறக்கணிக்கவோ கேள்வி கேட்கவோ முடியாது என்று ஃபிபா விதியே சொல்கிறது. எனக்கு இது சரியான விதியாகத்தான் படுகிறது. 40 நிமிட ஆட்டத்தில் ஒருவர் தீர்ப்பை இன்னொருவர் திருத்திக்கொண்டே இருந்தால் மூன்றாவது நிமிடத்திலேயே பயிற்சியாளர்கள் எந்த நடுவரிடம் போய் முறையிடலாம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் தகவல் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ரத்து செய்வது வேறு, தகவல் சொல்வது வேறு. "நீ சொன்னது தப்பு" என்று போகக் கூடாது. "வெளியே போகும் முன்னால் நீலச் சட்டை விரல் பட்டதை நான் பார்த்தேன், உனக்கு அது தெரிந்ததா?" என்று போக வேண்டும். ஊதியவர் அதை வைத்துக்கொண்டு மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் விதிப்புத்தகத்திலும் இதே வழிதான்: தீர்ப்பு தவறு என்று தெளிவாகப் பார்த்த நடுவர் ஊதியவரிடம் சொல்ல வேண்டும், மாற்றுவது ஊதியவர் பொறுப்பு. தெளிவாகப் பார்த்தவர் மட்டும். "அப்படித்தான் இருந்திருக்கும்" என்று ஊகிப்பவர் வாயைத் திறக்கக் கூடாது.

பந்து யார் கை பட்டு வெளியே போனது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஃபிபாவில் அது ஜம்ப் பால் நிலைமை, அடுத்த முறை பந்து யாருக்கு என்று காட்ட ஸ்கோர் டேபிளில் வைத்திருக்கும் அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. என்.பி.ஏ.வில் பேசிப் பார்த்தும் முடிவு வராவிட்டால் சம்பந்தப்பட்ட இருவரை நிறுத்தி நிஜமாகவே பந்தை மேலே தூக்கிப் போடுவார்கள். தெரியவில்லை என்று நடுவர்கள் ஒப்புக்கொள்வதற்கு விதியே இடம் வைத்திருக்கிறது. புதிதாக விசில் எடுப்பவர்களுக்கு இது மனசில் பதிய வேண்டும், ஏனென்றால் தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்லும் பழக்கம் அவர்களிடம்தான் அதிகம்.

கேள்வி: தொலைக்காட்சியில் மூன்று நடுவர்கள், எங்கள் ஊர் ஆட்டத்தில் இரண்டு பேர். மூன்றாவது ஆள் எதற்கு? (தூத்துக்குடி)

பதில்: வேலையைப் பங்கு போடுவது இந்த ஆட்டம் பிறந்தபோதே வந்துவிட்டது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஆட்களைக் கவனித்து ஃபவுலைக் குறிக்க ஒருவர், பந்தைக் கவனிக்கவும் நேரம் பார்க்கவும் ஒருவர் என்று இரண்டு பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். ஆளைப் பார்ப்பவர் அம்பயர், பந்தைப் பார்ப்பவர் ரெஃப்ரி. ஒரே கண்ணால் இரண்டையும் பார்க்க முடியாது என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது, எனக்கு அதில் இன்றும் வியப்புதான்.

என்.பி.ஏ. 1978-79 பருவத்தில் மூன்று நடுவர்களை வைத்துப் பார்த்தது, மறுபடி இரண்டுக்குப் போனது, 1988-89 முதல் நிரந்தரமாக மூன்று. லீட், ட்ரெய்ல் இருவரும் பந்து இருக்கும் பக்கம். மூன்றாமவர் எதிர்ப்பக்கம், ஃபவுலுக்குத் தண்டனையாகப் பந்து போடும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக நிற்பார். ஃபிபாவில் அவர் சென்டர், என்.பி.ஏ.வில் ஸ்லாட். பந்து பக்கம் மாறினால் லீட் பேஸ்லைன் வழியாக அந்தப் பக்கம் நடப்பார், உடனே மற்ற இருவரின் வேலையும் மாறும்: சென்டர் ட்ரெய்ல் ஆவார், ட்ரெய்ல் சென்டர் ஆவார். லீட் நகர்ந்ததை ஒருவர் கவனிக்காமல் விட்டால் ஒரே இடத்தை இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு இடம் அநாதையாகிவிடும்.

அந்த மூன்றாமவர் பெரும்பாலான நேரம் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்து இல்லாத பக்கம் எதிராளியை வழிமறித்து ஸ்கிரீன் போடுவது, சட்டையைப் பிடித்து இழுப்பது, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுக்க முதுகில் தள்ளுவது, இதெல்லாம் அவர் பொறுப்பு. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள ஆடுகளத்தில் பத்து பேர் ஓடும்போது இரண்டு நடுவர்களுக்கு இது முழுசாகக் கிடைக்காது. இரண்டு பேர் ஆட்டத்தில் சில ஃபவுல் தப்பிப்போகும், வேறு வழியில்லை. கத்துவதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில சமயம் மோதல் நடந்து கொஞ்சம் தாமதித்து, அதுவும் தூரத்து நடுவர் ஊதுகிறார். அது நேர்மையா? கூட்டத்தைக் கேட்டு ஊதுவது போலத் தோன்றுகிறது. (திருச்சி)

பதில்: அது வேண்டுமென்றே தாமதிப்பது, ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் பிரீ-கேமில் பேசிவைத்துக்கொள்வது. மோதல் பக்கத்து நடுவரின் ஏரியாவில் நடக்கிறது. முதலில் ஊதும் உரிமை அவருக்கு. தூரத்து நடுவர் ஒரு மூச்சு காத்திருப்பார், அவர் ஊதினால் இவர் சும்மா இருப்பார். அவருக்கு வழியில் ஆள் மறைத்து ஊதாமல் விட்டால், ஃபவுல் தனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் மட்டும் இவர் ஊதுவார். கூட்டத்தின் சத்தமும் அதே நேரத்தில் எழுவதால் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும்.

கேள்வி: ரீப்ளே வந்துவிட்டதே, இனி நடுவர்களின் சொந்த முடிவுக்கு என்ன வேலை? (சென்னை)

பதில்: 2018 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? ஓக்லண்டில், கிளீவ்லாண்ட் இரண்டு புள்ளி முன்னால், 36 விநாடி பாக்கி. கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுரான்ட் உள்ளே வந்தார், கிளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸ் எதிரே வந்து விழுந்தார், சார்ஜ் என்று ஊதினார்கள். தடுப்பவர் சார்ஜ் வாங்க முடியாத இடமான, கூடைக்குக் கீழே உள்ள அரைவட்டத்துக்குள் லெப்ரான் நின்றாரா என்பதில் சந்தேகம் என்று சொல்லித் திரையைப் பார்க்கப் போனார்கள். அவர் அரைவட்டத்துக்கு வெளியேதான் நின்றிருந்தார், பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் காரணத்துக்காகத் திரைக்குப் போய்விட்டால், தடுப்பவர் முறையான நிலையில் இருந்தாரா என்பதையும் பார்க்கலாம் என்பது என்.பி.ஏ. விதி. பார்த்தார்கள், பிளாக் என்று மாற்றினார்கள். டுரான்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 104-104 ஆக்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 124-114 என்று கோல்டன் ஸ்டேட் ஜெயித்தது, லெப்ரான் 51 புள்ளி எடுத்தும் தோற்றார்.

பிளாக் என்பது சரியாக இருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் கிளீவ்லாண்ட் பக்கத்துக் கோபம் நியாயமானது, ஏனென்றால் பார்க்கப் போனது ஒன்று, மாற்றியது இன்னொன்று. அந்த ஆட்டத்துக்கு முன்னாலேயே, 2014-ல், நியூ ஜெர்சியின் செகாக்கஸில் ரீப்ளே மையம் வந்துவிட்டது. 2015 மார்ச் முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை லீகே அலசி வெளியிட்டு வருகிறது. 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளரும் ஒரு தீர்ப்பை எதிர்த்து மறுபார்வை கேட்கலாம், 2023-24 பருவத்திலிருந்து முதல் முறை வென்றால் இரண்டாவது வாய்ப்பும் உண்டு. இவ்வளவு இருந்தும் திரையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் மனிதர்கள்தான். கால் முதலில் எழும்பியதா என்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தாலும், பார்ப்பவர் ஒரு சட்டகத்தை நிறுத்தி "இதுதான் அந்த நொடி" என்று சொல்லியாக வேண்டும். அது பழைய வேலையேதான், இருக்கையில் உட்கார்ந்து செய்கிறார்கள், அவ்வளவே.

கேள்வி: நடுவர்கள் எடுத்த முடிவை வெளியாள் மாற்றியது உண்டா? (மதுரை)

பதில்: உண்டு, 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப்போட்டி. இந்த ஆட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 3 விநாடி இருக்கும்போது அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 50-49 ஆக்கினார். சோவியத் அணி பந்தை உள்ளே போட்டு ஆடத் தொடங்கியது, குழப்பம், நடுவர்கள் நிறுத்தினார்கள், ஒரு விநாடி பாக்கி. அப்போது ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, கடிகாரத்தில் 3 விநாடியைத் திரும்ப வைக்கச் சொன்னார். ஆட்டத்துக்குள் அப்படித் தலையிட அவருக்கு அதிகாரமே கிடையாது. மறுபடி ஆடினார்கள், கடிகாரம் சரியாக வைக்கப்படாமலேயே ஹார்ன் ஒலித்துவிட்டது, அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். மூன்றாவது முறையும் ஆட வைத்தார்கள், ஆடுகளத்தின் மறுகோடியிலிருந்து வந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட, 51-50 என்று சோவியத் அணி ஜெயித்தது.

நடுவர்களில் ஒருவர் பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ, மற்றவர் பல்கேரியாவின் ஆர்டெனிக் அரபாஜியான். ரிகெட்டோ ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அமெரிக்கர்களின் மேல்முறையீடு 3-2 என்று தள்ளுபடியானது, வெள்ளிப் பதக்கத்தை வாங்க அவர்கள் வரவில்லை. காலின்ஸின் ஃப்ரீ த்ரோ, பெலோவின் கூடை, எல்லாவற்றையும்விட எனக்கு ரிகெட்டோவின் அந்தக் கையெழுத்துப் போடாத பேனாதான் பெரிதாகத் தெரிகிறது. ஆட்டம் நடுவர்கள் கையில் இல்லாமல் போன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

கேள்வி: தப்பான சார்ஜ் தீர்ப்பை எதிர்த்து புரோட்டஸ்ட் கொடுக்கலாமா? (ஈரோடு)

பதில்: முடியாது. கேப்டன் ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் ஸ்கோர்ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட்டு புரோட்டஸ்ட் தொடங்கலாம், ஆனால் அது ஸ்கோர், நேரம், பந்தை எறிய உள்ள கெடுவைக் காட்டும் ஷாட் கிளாக் ஆகியவற்றில் நடந்து திருத்தப்படாத பிழை, தகுதியில்லாத ஆட்டக்காரர், ஆட்டத்தை ரத்து செய்தது போன்ற காரணங்களுக்குத்தான். நடுவர் கண்ணால் பார்த்து எடுத்த முடிவு அதில் வராது. கிடைக்க வேண்டிய ஃப்ரீ த்ரோ கிடைக்காமல் போவது, தப்பான ஆள் ஃப்ரீ த்ரோ போடுவது மாதிரி பிழைகளை மட்டும் ஆட்டத்தின்போதே குறிப்பிட்ட நேரத்துக்குள் திருத்தலாம். உங்கள் கேப்டன் விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்ளட்டும், பல அணிகள் அந்த நேரம் தாண்டிய பிறகுதான் டேபிளுக்கு ஓடி வருகின்றன.

இந்த இதழுக்கு இடம் முடிந்துவிட்டது. நடுவர் பயிற்சிக்குப் போகலாமா என்று எழுதிய நாகர்கோவில் மாணவிக்கு மட்டும் ஒரு வார்த்தை: போங்கம்மா. போகும் முன் உங்கள் ஊரில் நடக்கும் ஒரு ஆட்டத்துக்குப் போய், பந்தைப் பார்க்காமல் பந்து இல்லாத பக்கம் நிற்கும் நடுவரை மட்டும் ஒரு குவார்ட்டர் முழுக்கப் பாருங்கள். அவர் எதைப் பார்க்கிறார், எப்போது நகர்கிறார், எப்போது ஊதாமல் விடுகிறார் என்று ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள், அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.